இரண்டு லாரி, ஒரு ஆர்.சி. புக்

போன வருஷம் ஒரு பழைய வண்டிக் கண்காட்சிக்கு எங்கள் லாரியைக் கொண்டு போனேன். ஓட்டிக்கொண்டு போகவில்லை. இன்னொரு லாரியின் முதுகில் ஏற்றி, நாலு மூலைக்கும் சங்கிலி போட்டு இறுக்கிக் கொண்டு போனேன். ஒரு காலத்தில் சங்ககிரியிலிருந்து பம்பாய்க்கு ஜவ்வரிசி மூட்டை சுமந்த வண்டி, தானே ஒரு மூட்டையாகப் போவதைப் பார்த்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ஏன் ஓட்டிப் போகவில்லை என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

மைதானத்தில் எங்களுக்குக் கிடைத்த இடம் கழிப்பறைக்குப் பக்கத்தில். ஆஸ்டினும் மோரிஸும் பந்தலுக்குள் நிழலில் நின்றன. அதில் எனக்கு வருத்தமில்லை. கல்யாண மண்டபம் ஆகட்டும், கண்காட்சி ஆகட்டும், லாரியைக் கொஞ்சம் தள்ளித்தான் நிறுத்தச் சொல்வார்கள்.

மதியம் நடுவர் வந்தார். கையில் அட்டை, பையில் சின்ன டார்ச். பேனட்டைத் திறக்கச் சொல்லி எஞ்சின் நம்பரைப் பார்த்தார். ஆர்.சி. நகலைப் பார்த்தார். மறுபடி எஞ்சினைப் பார்த்தார்.

“இந்த எஞ்சின் இந்த வண்டியோடது இல்லையே?”

“இல்லைங்க. இன்னொரு லாரியோடது.”

“முன்பக்கத் தகடு?”

“அதுவும் அந்த லாரியோடதுதான். பின்னாடி ஹவுசிங்கும் அதுலருந்து எடுத்ததுதாங்க.”

அட்டையில் குறுக்கே ஒரு கோடு போட்டார். “அப்ப இது கலப்பு வண்டிங்க. மீட்டெடுத்த வண்டிங்கிற கணக்குல வராது” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அவரோடு வந்த பையன் போகிறபோக்கில் என் காதருகே குனிந்து சொன்னதுதான் வேறு. “ஐயா, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லாம இருந்திருந்தா உங்களுக்கு ஒரு கப் கிடைச்சிருக்கும்.”

மூன்று வருஷ வேலையை அந்த நடுவர் ஒரு கோட்டில் அடித்ததை நான் அன்றே மறந்துவிட்டேன். பையன் சொன்னது மறக்கவில்லை. உண்மையைச் சொன்னவனுக்குப் பூஜ்யம், வாயை மூடினவனுக்குக் கோப்பை என்றால் அந்த விதியில்தான் கோளாறு என்பது என் கட்சி. கண்காட்சி விதி மட்டுமல்ல, அரசாங்க விதியும் அப்படித்தான் இருக்கிறது.

முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். அப்பா 1968-ல் வாங்கிய டாடா மெர்சிடிஸ் பென்ஸ் 1210. எங்கள் பக்கம் யாரும் முழுப் பேர் சொல்ல மாட்டார்கள், ‘பென்ஸ் லாரி’ என்றால் போதும். ஜாம்ஷெட்பூரில் டாடாவின் டெல்கோ கம்பெனி 1954-ல் ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு ஒப்பந்தம் போட்டது. பதினைந்து வருஷ ஒப்பந்தம். 1969-ல் அது முடிந்ததும் லாரியின் நெற்றியிலிருந்த மூன்று முனை நட்சத்திரம் இறங்கி, வட்டத்துக்குள் ‘டி’ எழுத்து ஏறியது. ஆக எங்கள் வண்டி, நட்சத்திரத்தோடு வந்த கடைசிக் கூட்டத்தில் ஒன்று. அப்பாவுக்கு அதில் ஒரு பெருமை. தினமும் காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால், விபூதி பூசிய கையோடு அந்த நட்சத்திரத்தை ஒரு தட்டுத் தட்டுவார். பதினாலு வயசில் லீவு நாட்களில் நான் கிளியாகப் போவேன். கிளீனர் என்பதை எங்கள் தொழிலில் அப்படித்தான் கூப்பிடுவோம்.

போகும்போது ஜவ்வரிசி, வரும்போது நாசிக் வெங்காயம். லோடு கிடைக்காத மாசத்தில் சங்ககிரி சிமெண்ட். தொண்ணூறுகளின் நடுவில் பின் ஆக்சில் ஹவுசிங்கில் விரிசல் விட்டு, எஞ்சின் தண்ணீரும் ஆயிலும் கலந்து பால்டீ நிறத்தில் கக்க ஆரம்பித்தபோது, வண்டி வீட்டுக்குப் பின்னால் புளியமரத்தடியில் நின்றது. விற்கலாம் என்றேன். அப்பா பதில் சொல்லவில்லை. எடைக்குப் போடலாம் என்றேன். அதற்கு ஒரு பார்வை பார்த்தார், நான் அப்புறம் கேட்கவில்லை. அவர் போய் எட்டு வருஷம் கழித்து நான் பேனட்டைத் தூக்கியபோது, மேல் தகடு என் கையோடு வந்துவிட்டது. புளியிலையும் மழைத் தண்ணீரும் சேர்ந்து இருபத்தைந்து வருஷமாக ஊறவைத்த தகடு, அப்பளம் மாதிரி நொறுங்கியது.

இரண்டாவது லாரி ராசிபுரம் பக்கம் ஒரு செங்கல் சூளையில் கிடந்தது. 1973 மாடல், அதே 1210, நெற்றியில் ‘டி’. சூளைக்காரம்மாவின் வீட்டுக்காரர் ஓட்டிய வண்டி. விலை பேசி முடிந்ததும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: “ஓட்டப் போறீங்களா, உடைக்கப் போறீங்களா?” பாதி உடைத்து இன்னொன்றை ஓட்டப் போகிறேன் என்றேன். “அப்ப பாதி ஓடுதுன்னு வச்சுக்கறேன்” என்றார். ஆர்.சி.யை முறைப்படி ரத்து செய்து, சேஸ் நம்பர் துண்டை வெட்டி ஒப்படைத்துவிட்டுத்தான் வண்டியை இழுத்து வந்தோம். இதைக் கவனமாகச் சொல்கிறேன், காரணம் இருக்கிறது.

பட்டறைக்கு வந்ததும் முதல் சோதனை. சூளை லாரியின் சேஸ்தான் நல்ல சேஸ். அப்பா வண்டியில் பின்பக்கம் இரண்டு கிராஸ் மெம்பர் இற்றுப் போயிருந்தது, வலது நீளச்சட்டத்தில் துரு கை அகலத்துக்குத் தின்றிருந்தது. வெல்டிங் வேலைக்கு வந்த ஒருவர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இதுக்கு ஏனுங்க மூணு மாசம்? நல்ல சேஸை வச்சுக்குங்க. உங்கப்பா நம்பரை அதுல அடிச்சுரலாம். ஒரு மணி நேர வேலை” என்றார். எண் குத்துகிற உளி வரிசை அவரிடமே இருந்ததாம்.

அந்த ஒரு மணி நேர வேலையைத்தான் வண்டித் திருடனும் செய்கிறான். திருடிய லாரியின் சேஸில் செத்த லாரியின் நம்பரைக் குத்தி, புக்கோடு சேர்த்து விற்பான். எங்கள் தொழிலில் இதைக் கேள்விப்படாதவன் கிடையாது. இருந்தும், வெல்டிங்காரர் கெட்ட மனுஷர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு அது இரும்பு, நம்பர் ஒரு சடங்கு. எனக்கு மட்டும், அப்பா தட்டித் தட்டி ஓட்டிய வண்டி எது என்று யாராவது கேட்டால் அந்தச் சட்டத்தைத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் வண்டியைக் காட்டும்போது சேஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்ப்பார்களே, அப்படித் தேய்த்த 1968-ன் தாள் அப்பாவின் ஃபைலில் இருக்கிறது. அதே இடத்தில் நான் தேய்த்துப் பார்த்தேன். ஏழின் கால் கொஞ்சம் வளைந்திருக்கும். இரண்டு தாளிலும் வளைந்திருந்தது.

ஆக சேஸ் அப்பாவுடையது. மூன்று மாசம்தான். சூளை லாரியின் கிராஸ் மெம்பர் இரண்டையும் ரிவிட் தலையைச் சீவி எடுத்தோம். பட்டறை மேஸ்திரி வெல்டிங்கை அண்டவே விடவில்லை. லாரிச் சட்டத்தின் விளிம்பில் வெல்டிங் வைத்தால் சூடு ஏறிய இடம் பதம் கெட்டு, லோடில் அங்கேதான் விரிசல் விடும் என்பது அவர் நாற்பது வருஷம் பார்த்தது. ஓட்டைகளில் ரீமர் போட்டு, அளவெடுத்த போல்ட்டை லேசாகத் தட்டினால்தான் இறங்கும் என்கிற இறுக்கத்தில் பூட்டினார். துரு தின்ற இடத்துக்கு உள்பக்கமாக ஒரு பட்டைத் தகடு, அதுவும் போல்ட்தான்.

இரண்டு வண்டியைச் சேர்ப்பது என்றால் இதிலிருந்து கழற்றி அதில் மாட்டுவது என்று நினைப்பவர்கள் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்க்கிற நாளில் பட்டறைக்கு வர வேண்டும். எஞ்சின் சூளை லாரியுடையது, 692 வகை. ஆறு சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர், அதுதான் அந்த எண்ணின் அர்த்தம். (பக்கத்துப் பட்டறைக்காரர் 697 போடச் சொன்னார், 97 போர், இழுவை கூடும் என்று. எதை இழுக்க?) கியர்பாக்ஸ் அப்பா வண்டியுடையது. ஒரே கம்பெனி, ஒரே குடும்பம், போல்ட் ஓட்டைகூட ஒத்துப் போனது. நான் மாட்டிவிடலாம் என்றேன். மேஸ்திரி கிராங்க் முனையில் டயல் கேஜை மாட்டி, பெல் ஹவுசிங்கின் வாய் வட்டத்தில் முள்ளை வைத்து, கையால் ஒரு சுற்றுச் சுற்றினார். முள் எட்டு தௌ ஆடியது. ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடி கனத்தில் பாதிகூட வராது.

“எட்டு தௌவுக்கு என்னங்க மேஸ்திரி ஆயிரப் போகுது?”

“இன்னிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. ஆறு மாசம் கழிச்சு மேட்டுல மூணாவது கியர் தானா நழுவும். அப்ப என்னைத் திட்டுவீங்க.”

இரண்டு நடுப்புள்ளியும் ஒன்றின்மேல் ஒன்று உட்காராவிட்டால், கியர்பாக்ஸின் முன் ஷாஃப்ட் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சமாக முறுக்கப்பட்டு, பேரிங்கைத் தின்னும். கூடப் பிறந்த எஞ்சினும் கியர்பாக்ஸும் வருஷக்கணக்கில் ஒன்றையொன்று பழகித் தேய்ந்திருக்கும். புதுச் சம்பந்தத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஹவுசிங்கை இடத்தில் நிறுத்துகிற பழைய ஊசிகளைக் கழற்றி, லேத்தில் புதிய ஊசி கடைந்து, ஹவுசிங்கை மயிரிழை மயிரிழையாக நகர்த்தி நாலு தௌவுக்குள் கொண்டு வர மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளை எந்த நடுவரின் டார்ச்சும் காட்டாது.

பின் ஹவுசிங்கில் வேறு வேடிக்கை. சூளை லாரியின் கிரௌன் பினியனில் பல் கணக்கு என்ன என்று தெரியவில்லை, தகடு அழிந்துபோயிருந்தது. திறக்காமல் எண்ண ஒரு வழி இருக்கிறது. ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மறுபக்கச் சக்கரம் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றுவதற்குள் கியர்பாக்ஸிலிருந்து வரும் ஜாயிண்ட் தண்டு எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால் போதும். என் மகள் கீழே படுத்து எண்ணினாள். அப்பா வண்டியில் இருந்ததைவிட அரைச் சுற்றுக் கம்மி. விளைவு, ஸ்பீடோமீட்டர் இப்போது பொய் சொல்கிறது. காட்டுவதைவிட வண்டி கொஞ்சம் வேகமாகப் போகிறது. அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் டிரிப் கணக்கு நோட்டில் மிச்சமிருந்த பக்கங்கள் அவை. இடது பக்கம் அப்பா வண்டி, வலது பக்கம் சூளை வண்டி, நடுவில் புதிதாக வாங்கியது. எந்த போல்ட் எங்கிருந்து வந்தது என்பது வரைக்கும் இல்லாவிட்டாலும், கையால் தூக்க முடிகிற எல்லாப் பாகத்துக்கும் வரி இருக்கிறது. பின்பாடி முழுக்கப் புதுமரம், இரண்டு லாரியிலும் மிச்சம் இல்லை. இடது கதவு அப்பா வண்டியுடையது, வலது கதவு சூளையுடையது. கண்காட்சிக்கு இந்த நோட்டையும் கொண்டு போயிருந்தேன். நடுவர் கேட்கவில்லை.

இப்போது ‘அசல்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். கார்க்காரர்கள் அதைச் சொன்னால் எனக்குப் புரிகிறது. கார் தொழிற்சாலையில் முழுசாகப் பிறக்கிறது, கதவு, கண்ணாடி, சீட்டு, சாம்பல் தட்டு வரைக்கும். லாரி அப்படிப் பிறந்ததே இல்லை. கம்பெனியிலிருந்து வந்தது சேஸும் எஞ்சினும் மூஞ்சியும். டிரைவர் ஒரு பலகை மேல் உட்கார்ந்து, காற்றிலும் மழையிலும் அதை ஊருக்கு ஓட்டி வருவார். பிறகு நாமக்கல்லிலோ வேறெங்கோ ஒரு பட்டறையில் ஆசாரி கேபினுக்குச் சட்டம் கட்டுவார், டிங்கர் தகடு அடிப்பார், பெயிண்டர் முருகனையும் மயிலையும் எழுதுவார். எங்கள் வண்டிக்கு கேபின் கட்டியவரின் பேர் ஜெர்மனியிலும் தெரியாது, ஜாம்ஷெட்பூரிலும் தெரியாது. பிறந்த அன்றைக்கே நாலு கை பட்ட வண்டியிடம் ‘ஒரே கையில் பிறந்ததா’ என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

அதற்கு முன்னாலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, பஸ்ஸுக்கும் லாரிக்கும் பின்னால் கரிவாயுக் கலன் முளைத்தது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனமே அதைச் செய்து கொடுத்தது. போர் முடிந்து ராணுவம் கழித்துக்கட்டிய ஃபோர்டும் செவர்லேயும் ஏலத்தில் வந்து, மேலே மரப்பாடி ஏறி, ஊர் பஸ்ஸாகவும் லாரியாகவும் மாறின. 1950-களில் சென்னையில் சிம்ப்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் எஞ்சின் தயாரிக்க ஆரம்பித்ததும், பெட்ரோல் குடித்துக்கொண்டிருந்த வண்டிகளின் வயிற்றில் பி6 எஞ்சின் ஏறியது. சேஸ் அமெரிக்கா, எஞ்சின் இங்கிலாந்து டிசைன் சென்னை வார்ப்பு, பாடி உள்ளூர் வேப்பமரம். அப்படி ஒரு ஃபார்கோ லாரி இன்று கிடைத்தால், அதை ‘அசலாக்குகிறேன்’ என்று பெர்கின்ஸைத் தூக்கி எறிந்து பழைய பெட்ரோல் எஞ்சினைத் தேடிப் பிடித்துப் போடுவது மீட்டெடுப்பா, அழிப்பா? நான் அழிப்பு என்பேன். அந்த வண்டி நம் ஊரில் வாழ்ந்த வாழ்க்கையைத் துடைத்துவிட்டு, வாழாத வாழ்க்கை ஒன்றை எழுதுகிற வேலை அது.

மறுபக்கத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது, அவர்களையும் விடக் கூடாது. ஐந்தாறு வண்டிகளிலிருந்து பொறுக்கி, பாதிக்குமேல் புதுத் தகட்டில் அடித்து, பளபளவென்று பெயிண்ட் அடித்து, ‘ஒரே ஓனர், 1962, நம்பர் மாறாதது’ என்று விற்பவர்கள். நட்சத்திரச் சின்னத்துக்கு மட்டும் தனிச் சந்தை இருக்கிறது. என்னிடமே இரண்டு பேர் கேட்டார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வண்டிகளைச் சேர்த்ததற்கல்ல. சேர்த்ததைச் சொல்லாததற்கு. நோட்டு எழுதியிருந்தால் அவர்களும் நானும் ஒரே சாதி.

லண்டன் நீதிமன்றம் ஒன்றில் 1990-ல் இதே கேள்வி வந்தது. 1929-லும் 1930-லும் லெ மான் பந்தயத்தில் வென்ற ஒரு பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்டவர்கள், அதில் பந்தயத்தில் ஓடிய பழைய இரும்பு அதிகம் மிஞ்சவில்லை, ஆகவே இது அந்தக் கார் அல்ல என்று பின்வாங்கினார்கள். நீதிபதி ஒத்துக்கொள்ளவில்லை. பாகங்கள் மாறின, ஆனால் கார் ஒருநாளும் மறைந்துபோய் வேறொன்று அதன் இடத்துக்கு வரவில்லை, அதன் கதை அறுபடாமல் வந்திருக்கிறது, ஆகவே அதுதான் இது என்று தீர்ப்பளித்தார். பழைய இரும்பு எத்தனை கிலோ என்று அவர் தராசு வைக்கவில்லை. வண்டியின் வரலாற்றைப் படித்தார். அப்படியொரு நீதிபதிக்கு என் நோட்டைக் காட்ட ஆசை.

அதே இங்கிலாந்தில் பதிவு அலுவலகம் பல வருஷம் ஒரு மதிப்பெண் முறை வைத்திருந்தது. பாகம் கலந்த வண்டி பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாமா என்று தீர்மானிக்க. அடிச்சட்டம் சொந்தமானதாகவோ புதிதாக வாங்கியதாகவோ இருந்தால் ஐந்து, இன்னொரு வண்டியிலிருந்து எடுத்ததென்றால் பூஜ்யம். சஸ்பென்ஷன் இரண்டு, ஆக்சில் இரண்டு, கியர்பாக்ஸ் இரண்டு, ஸ்டியரிங் இரண்டு. எஞ்சினுக்கு ஒன்றே ஒன்று. மொத்தம் பதினாலில் எட்டு வாங்கினால் தேறும். எங்கள் லாரிக்குப் போட்டுப் பார்த்தேன். சேஸ் ஐந்து, கியர்பாக்ஸ் இரண்டு, ஸ்டியரிங் இரண்டு. பின் ஸ்பிரிங் பட்டை சூளையுடையது என்பதால் சஸ்பென்ஷனுக்கு ஒன்றுமில்லை, ஆக்சிலுக்கும் இல்லை. ஒன்பது. பாஸ். அந்த முறை அப்படியே நமக்கு வேண்டும் என்று சொல்லவில்லை. எஞ்சினுக்கு ஒரு மார்க், சட்டத்துக்கு ஐந்து என்று பிரித்ததில் ஒரு பட்டறைப் புத்தி தெரிகிறது, அதைச் சொல்கிறேன்.

ஒட்டு மாங்கன்றில் வேர் ஒரு மரம், தலை ஒரு மரம். சேலத்துக்காரர்கள் தலையை வைத்துப் பேர் சொல்வார்கள், மேலே மல்கோவா என்றால் மல்கோவாதான். லாரியில் நாங்கள் தலைகீழ், அடிக்கட்டையின் பேர்தான் வண்டியின் பேர்.

நம் சட்டம் என்ன சொல்கிறது? மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கென்று தனி விதி கொண்டு வந்தது. நல்ல காரியம். ஐம்பது வயது தாண்டிய வண்டிக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்தோடு தனி நம்பர், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும் பெட்ரோல் போடவும் ஓட்டிப் போகலாம். ஆனால் அந்த விதி பேசுவது சொந்த உபயோகத்து இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளைப் பற்றி. எங்கள் வண்டிக்கு ஆறு சக்கரம். வாழ்நாள் முழுக்க வாடகைக்கு ஓடியது. இந்த நாட்டின் அரிசியையும் சிமெண்டையும் சுமந்த வண்டிக்கு அந்த வாசலில் இடமில்லை, முதலாளியைச் சுமந்த வண்டிக்கு இருக்கிறது. ஓட்டிப் போகவில்லை என்று நான் முதலில் சொன்னது இதனால்தான். எஃப்.சி. இல்லை, காட்டவும் முடியவில்லை. ரோட்டில் இறக்கினால் பிரேக் இன்ஸ்பெக்டர் பிடிப்பார், அவர் பிடிப்பது சரியும்கூட.

வாசலைத் திறந்தாலும் நான் உள்ளே போக முடியாது. அடிச்சட்டத்திலோ பாடியிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்று அதே விதி சொல்கிறது. ஐம்பது வருஷம் உழைத்த லாரியில் எஞ்சின் மாறாதது எத்தனை என்று இதை எழுதியவர்கள் ஏதாவது ஒரு லாரி ஸ்டாண்டில் கேட்டிருக்கலாம். ஒரு அலுவலகத்தில் இதை விளக்கப் போனேன். நோட்டை விரித்து வைத்தேன். எதிரே இருந்தவர் பொறுமையாகப் பார்த்தார், பிறகு, “சார், இவ்வளவு எழுதி வச்சிருக்கீங்க, இதுவே உங்களுக்கு எதிரா போயிரும்” என்றார். கண்காட்சிப் பையன் சொன்னதும் இதுவேதான்.

வேடிக்கை என்னவென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ம் பிரிவிலேயே எஞ்சின் மாற்றத்துக்கு வழி இருக்கிறது. முன் அனுமதி இல்லாமல் எஞ்சினை மாற்றியிருந்தால் பதினாலு நாளுக்குள் தெரிவித்து, புக்கில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அதாவது ‘சொல்லிவிடு, எழுதிக்கொள்கிறேன்’ என்கிற குணம் சட்டத்துக்கு ஏற்கெனவே இருக்கிறது. அதே குணத்தைப் பழைய வண்டி விதிக்கும் கொடுத்தால் போதும். லாரியையும் பஸ்ஸையும் உள்ளே விடுங்கள், லோடு ஏற்றக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். சேஸ் சொந்தமானதா என்று மட்டும் கறாராகப் பாருங்கள், பென்சில் வைத்துத் தேயுங்கள், உளி பட்ட தடம் இருந்தால் ஜெயிலில்கூடப் போடுங்கள். மற்றப் பாகம் எந்த வண்டியிலிருந்து வந்தது, அந்த வண்டியின் பதிவு முறையாக ரத்தானதா என்பதற்குத் தாள் கேளுங்கள். திருட்டு வண்டிப் பயம் உங்களுக்கு இருப்பது நியாயம். பாகக் கணக்குக் கேட்டால் திருடன்தான் முதலில் ஓடுவான், அவனிடம் ரத்துச் சீட்டு இருக்காது.

சின்னத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: முன்தகடு 1973-ல் அடித்தது, ஆகவே அதில் ‘டி’தான் இருக்கிறது. நட்சத்திரம் அப்பாவின் ஃபைல் பெட்டியில் பென்சில் தாளோடு இருக்கிறது. கல்யாணப் படம் எடுக்க வருகிறவர்கள் ஒரு நாளைக்கு மட்டும் மாட்டச் சொல்கிறார்கள். மாட்டுவதில்லை. வலது கதவின் உள்பக்கத்தைப் பெயிண்டர் தேய்க்கப் போனபோது தடுத்து நிறுத்தியதும் உண்டு. அங்கே சூளைக்காரம்மாவின் வீட்டுக்காரர் பென்சிலில் டீசல் கணக்கு எழுதியிருக்கிறார். 40, 55, 40, அப்புறம் ‘பாக்கி 12’. யாருக்குப் பாக்கி என்று தெரியவில்லை. ஒரு சாண் அகலத்துக்குப் பழைய பெயிண்டை அப்படியே விட்டு, மேலே வார்னிஷ் மட்டும் அடித்திருக்கிறோம். அந்த அம்மாவை ஒருமுறை கூட்டி வந்து காட்டினேன். கதவைத் திறந்து பார்த்துவிட்டு, “ஆறு தப்பா எழுதறது இன்னும் திருந்தல” என்றார். ஆறு எங்கே என்று தேடினேன். தேதியில் இருந்தது.

சூளை லாரியில் மிச்சமிருப்பது கொட்டகையில் கிடக்கிறது. சேஸ், முன் ஆக்சில், ஸ்டியரிங் பாக்ஸ், இடது கதவு. போன மாசம் பெருந்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார், அவரிடமும் ஒரு 1210 இருக்கிறதாம், ஸ்டியரிங் பாக்ஸில் வார்ம் தேய்ந்துவிட்டதாம். கழற்றிக் கொடுத்தேன். விலை கேட்டார். ரத்துச் சீட்டின் நகல் ஒன்று கொடுத்து, பாக்ஸ் எந்த லாரியிலிருந்து வந்தது என்று அவர் வண்டி நோட்டில் எழுதச் சொன்னேன். நோட்டெல்லாம் இல்லையே என்றார். தெருமுனைக் கடையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி வந்து, முதல் வரியை நானே எழுதிக் கொடுத்தனுப்பினேன்.